கடைசி மடக்கிலிருந்து எண்ணாதீர்கள்: மூச்சுப் பரிசோதனை அறையில் கற்றவை

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், பறப்பதற்கு முன் விமானிகளுக்கும் கேபின் பணியாளர்களுக்கும் மூச்சுப் பரிசோதனை செய்யும் மருத்துவராகச் சில ஆண்டுகள் பணியாற்றினேன். அந்த அறையில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பொறுப்பானவர்கள். ஆண்டுக்கணக்கில் ஒருமுறைகூடப் பிசகாமல் ஊதிவிட்டுப் போனவர்கள். மாட்டிக்கொண்ட சிலரும்கூட, வேண்டுமென்றே குடித்துவிட்டு விமானம் ஓட்ட வந்தவர்கள் அல்லர். விதியைக் கடைப்பிடித்துவிட்டோம் என்று நம்பி வந்தவர்களே அவர்களில் அதிகம். அந்த நம்பிக்கை எங்கே பொய்த்தது என்பதை இளம் விமானிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 24ஆவது விதியின்படி, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் விமானப் பணியாளர் மது அருந்தியிருக்கக் கூடாது. அதோடு, பரிசோதனையில் மது அறவே தென்படக் கூடாது என்பது இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் நிலைப்பாடு. அமெரிக்காவில் 8 மணி நேர இடைவெளியும் 0.04 விழுக்காட்டுக்குக் குறைவான இரத்த மது அளவும் சட்டத்தின் எல்லை. பிரிட்டனில் 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 20 மில்லிகிராம், அதாவது 0.02 விழுக்காடு. நம் நாட்டின் எல்லை அவற்றைவிடக் கடுமையானது. முதல் முறை சிக்கினால் மூன்று மாதமும் இரண்டாம் முறை மூன்று ஆண்டும் உரிமம் நிறுத்திவைக்கப்படும். மூன்றாம் முறை உரிமமே ரத்தாகும். ஊத மறுப்பவரும் சிக்கியவராகவே கருதப்படுவார்.

அதிகாலையில்தான் அந்த அறை பரபரப்பாக இருக்கும். நான்கு மணியிலிருந்தே முதல் சுற்று விமானங்களுக்கான பணியாளர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் உறையைப் பிரித்துப் புதிய ஊதுகுழலைக் கருவியில் செருகிக் கொடுப்போம். மூச்சை நன்றாக இழுத்து, கருவி ஒலி எழுப்பி நிறுத்தச் சொல்லும்வரை ஒரே சீராக ஊத வேண்டும். இடையில் ஊதுவதை நிறுத்திவிட்டால் கருவி ஏற்காது. நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றுதான் இரத்தத்தின் நிலையைச் சொல்லும். சில வினாடிகளில் திரையில் 0.000 என்று தோன்றும், சீட்டு அச்சாகும், பதிவேட்டில் நேரத்தோடு கையொப்பம். தலைக்கு மேலே கேமரா பதிவு செய்துகொண்டிருக்கும். அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துவிட்டு, கடந்த முப்பதாண்டாக விமானம் ஓட்டுகிறவர்கூட ஒரு கணம் தோளைத் தளர்த்துவதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒருநாள் விடிகாலை வந்த கேப்டன் ஒருவருக்கு 0.02ஐ ஒட்டி எண் வந்தது. நாற்றம் இல்லை, தடுமாற்றம் இல்லை, சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சீருடை. விதிப்படி வாயைக் கொப்பளிக்கச் செய்து, இருபது நிமிடம் உட்காரவைத்து, கருவி சரியாக இருக்கிறதா என்பதை எங்கள் பணியாளர் ஒருவரை ஊதச்சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு, மறுபடி சோதித்தோம். எண் மிகச் சிறிதளவே இறங்கியிருந்தது. “டாக்டர், நேத்து நாலு மணிக்கே நிறுத்திட்டேன். பன்னிரண்டு மணி நேரம் தாண்டியாச்சு” என்றார். அவர் சொன்னது உண்மை. நண்பர் வீட்டு விசேஷத்தில் பகல் ஒரு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்குள் ஆறு லார்ஜ் குடித்திருந்தார். கடைசி மடக்கிலிருந்து கணக்குப் போட்டவர், மொத்தம் எவ்வளவு உள்ளே போயிற்று என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்று மாதம் அவர் தரையில் இருந்தார்.

இந்தக் கணக்கைப் பறக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன். நம் நாட்டில் விற்கும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் பெரும்பாலும் 42.8 விழுக்காடு மது இருக்கிறது. அப்படியானால் 60 மில்லி கொண்ட ஒரு லார்ஜில் சுமார் 20 கிராம் தூய மது இருக்கும். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் இரத்தத்தில் அது ஏறத்தாழ 0.04 விழுக்காட்டை ஏற்றும். சராசரி மனிதரின் கல்லீரல் அதை மணிக்குச் சுமார் 0.015 விழுக்காடு என்ற அளவிலேயே குறைக்கும். ஆகவே ஒரு லார்ஜ் வெளியேற ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது; ஆறு லார்ஜுக்குப் பதினேழு, பதினெட்டு மணி நேரம். அந்தக் கேப்டன் ஒரு மணிக்குத் தொடங்கினார் என்றால் மறுநாள் காலை ஆறு, ஏழு மணி வரை அவர் இரத்தத்தில் மது இருந்தே தீரும். எடை குறைந்தவர்களுக்கும் பொதுவாகப் பெண்களுக்கும் இன்னும் நேரமாகும். கல்லீரல் மந்தமாக வேலை செய்பவருக்கு இதைவிடவும் நீளும் என்பதால், வருகிற விடையோடு தாராளமாகச் சில மணி நேரம் கூட்டிக்கொள்வதே அறிவுடைமை.

பீரைப் பற்றிய தப்பெண்ணம் இன்னும் ஆபத்தானது. “பீர் மட்டும்தான் டாக்டர்” என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 8 விழுக்காடு மது உள்ள ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டிலில், சுமார் 41 கிராம் மதுவைக் கொண்டிருக்கிறது. அதாவது ஒரு பாட்டில், இரண்டு லார்ஜுக்குச் சமம். இரண்டு பாட்டில் குடித்தவர், நான்கு லார்ஜ் குடித்தவரின் வரிசையில்தான் நிற்கிறார். அவருக்குப் பதினோரு மணி நேரத்துக்குக் குறையாமல் தேவைப்படும்.

கல்லீரல் ஒரே ஒரு வழி திறந்திருக்கும் சுங்கச்சாவடியைப் போன்றது. வரிசை எவ்வளவு நீண்டாலும் வண்டிகள் அதே வேகத்தில்தான் கடக்கும். கட்டன் காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல், மொட்டைமாடியில் நடை ஆகிய எதுவும் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. காப்பி தூக்கத்தைக் கலைக்கலாம்; அதனால் விழித்திருக்கும் போதை மனிதர் ஒருவர் கிடைப்பார், அவ்வளவே.

இனி, கருவி பூஜ்யம் காட்டிய பிறகும் மீதமிருப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை இதுவே முக்கியமான பகுதி. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றினுள் திரவமும், அந்தத் திரவத்தின் அசைவுக்கேற்பச் சாயும் கூழ் போன்ற ஒரு மென்மையான தடுப்பும் உண்டு. சாதாரண நிலையில் இரண்டின் அடர்த்தியும் ஒன்று. மது குடித்தால் அது முதலில் அந்தத் தடுப்புக்குள் புகுந்து அதை இலேசாக்கிவிடுகிறது. தலையைச் சாய்த்தாலே உலகம் சுழல்கிறது. பிறகு திரவத்திலும் மது பரவிச் சமநிலை வருகிறது. மது வெளியேறும்போதும் தடுப்பிலிருந்தே முதலில் வெளியேறுவதால், இந்த முறை எதிர்ப்பக்கமாகச் சமநிலை குலைகிறது. இரத்தத்தில் மது தீர்ந்து பல மணி நேரம் கழிந்த பின்னும் இந்த இரண்டாம் கட்டம் நீடிக்கக்கூடும்.

தரையில் நடப்பவருக்கு இது இலேசான கிறுகிறுப்பாகத் தோன்றி மறையும். விமானிக்கு அப்படியல்ல. மீனம்பாக்கத்தில் 07 ஓடுபாதையிலிருந்து இரவில் கிளம்பும் விமானம், நகரத்தின் விளக்குகளைச் சற்று நேரத்தில் தாண்டி வங்கக் கடலின் மேல் முழு இருட்டுக்குள் செல்கிறது. அடிவானம் என்று கண்ணுக்கு ஒன்றும் கிடையாது. விமானம் நேராகப் போகிறதா சாய்ந்திருக்கிறதா என்று செவி சொல்வதை நம்பாமல், கருவிகளை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டிய தருணம் அது. நன்கு உறங்கியெழுந்த விமானிக்கே செவி பொய் சொல்லும் என்றால், முந்தைய நாள் குடித்தவரின் செவியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2008 செப்டம்பர் 14 அன்று ரஷ்யாவின் பெர்ம் நகரத்தில் ஏரோஃப்ளோட் 821 தரையிறங்க வந்தபோது இரவும் மேகமும் சூழ்ந்திருந்தன. விமானிகள் விமானத்தின் சாய்வைப் புரிந்துகொள்ள முடியாமல் திசையுணர்வை இழந்தார்கள். 88 பேரும் இறந்தார்கள். போயிங் விமானத்தின் சாய்வுகாட்டும் கருவியில் அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாதது உள்ளிட்ட வேறு காரணங்களும் விசாரணையில் வெளிவந்தன. அவற்றோடு, கேப்டனின் உடலில் மது இருந்ததும் வெளிவந்தது.

ஹேங்ஓவர், அதாவது குடித்த மறுநாள் நீடிக்கும் பின்விளைவு பற்றி 1986இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றை நான் விமானிகளிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. அமெரிக்கக் கடற்படை விமானிகளை 0.10 விழுக்காடு எட்டும் அளவுக்குக் குடிக்கச் செய்து, 14 மணி நேரம் கழித்து, தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவியான சிமுலேட்டரில் உட்காரவைத்தார்கள். அதற்குள் மது வெளியேறிவிட்டிருந்தும், அவர்கள் ஓட்டிய விதத்தில் குறை தெரிந்தது. நம் டிஜிசிஏவின் விதித்தொகுப்பும், இரத்தத்தில் மது அறவே இல்லாத நிலையிலும் பின்விளைவு 36 மணி நேரம் வரை நீளலாம் என்று எச்சரிக்கிறது. குடித்துவிட்டுத் தூங்கும் தூக்கத்தின் பின்பாதி கலைந்து கலைந்தே வரும் என்பதையும், பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போல இருப்பதால் மூளைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் சற்றுக் குறையும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மது இரத்தத்தில் எஞ்சியிருந்தால், கிடைக்கும் அந்த ஆக்சிஜனையும் திசுக்கள் முழுதாகப் பயன்படுத்த முடியாது.

குடிக்காமலேயே சிக்கலில் மாட்டியவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை. வாய் கொப்பளிக்கும் மவுத்வாஷ், சில இருமல் டானிக்குகள், சில ஹோமியோபதிச் சொட்டு மருந்துகள், கையில் தேய்த்த சானிடைசரின் ஆவி ஆகியவை கருவியில் எண்ணை எழுப்பும். வாயில் தங்கிய மது கால்மணி நேரத்தில் போய்விடும் என்பதால்தான் இடைவெளிவிட்டு மறுபரிசோதனை செய்கிறோம். இருந்தாலும், 2023இல் திருத்தப்பட்ட விதிகள் மது கலந்த இத்தகைய பொருள்களையே பயன்படுத்தக் கூடாது என்கின்றன. மருந்து வாங்கும்போது நீங்கள் விமானப் பணியில் இருப்பதை எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். புட்டியின் லேபிளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கருவி காட்டிய எண்ணைவிட ஒரு கையைப் பார்த்து நான் அதிகம் கவலைப்பட்டது உண்டு. நடுவயதுக் கேப்டன் ஒருவர் ஊதுகுழலைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. திரையில் 0.000. சிஸ்டர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கப்போனார். சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு நாடியைப் பிடித்துப் பார்த்தேன். மிக வேகமாக ஓடியது. இரத்த அழுத்தமும் உயர்ந்திருந்தது. தினமும் குடித்துப் பழகிய உடலுக்குத் திடீரென்று மது கிடைக்காமல் போனால், ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்புகூட வரும். விதியை மதித்து அவர் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குடிக்காமல் இருந்திருக்கிறார். அந்தக் கட்டுப்பாடே அவரை அன்றைக்கு ஆபத்தானவராக ஆக்கியிருந்தது. காக்பிட்டில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். முதலில் மறுத்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஆறேழு மாசமா நிறுத்த முடியலை டாக்டர்” என்றார். அன்றைய பணியிலிருந்து உடல்நலக் காரணத்தால் அவரை இறக்கச் சொல்லி நிறுவனத்தின் பணி அதிகாரிக்குத் தெரிவித்தேன். மருத்துவமனையில் சேர்ந்தார், மனநல மருத்துவரின் கண்காணிப்பில் நீண்ட காலம் சிகிச்சை எடுத்தார்.

குடிநோய் உள்ளவர் மறைப்பதற்குக் காரணம் கூச்சம் மட்டுமன்று; சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சமே பெரிது. அமெரிக்காவில் 1970களிலிருந்து ஹிம்ஸ் என்ற திட்டம் நடக்கிறது. விமானிகள் சங்கமும் விமான நிறுவனங்களும் அரசின் விமான ஆணையமும் கைகோத்து, நோயைக் கண்டறிந்து, சிகிச்சை தந்து, பல ஆண்டுக் கண்காணிப்பின் கீழ் விமானியை மறுபடியும் பணிக்கு அனுப்புகிறார்கள். ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். திரும்பிவர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதன் முன்வந்து பேசுவான். நம் நாட்டிலும் அந்த வழி அகலமாகத் திறக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். தண்டனை மட்டும் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உடன் பறப்பவர்களின் மௌனத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 1977 ஜனவரி 13 அன்று அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து மாடுகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோவுக்குக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் சரக்கு விமானம், மேலெழுந்த உடனேயே விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். விபத்துக்குப் பின் எடுத்த சோதனையில் கேப்டனின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 298 மில்லிகிராம் மது இருந்தது. அவர்களை விமான நிலையத்துக்கு அழைத்துவந்த டாக்சி ஓட்டுநர் கேப்டனின் நிலையைப் பார்த்துத் தன் அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தார். துணை விமானியும் விமானப் பொறியாளரும் அவரோடு ஏறிப் பறந்தார்கள். 2018 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் துணை விமானி ஒருவர் 189 மில்லிகிராமோடு பிடிபட்டார். அங்கும் மது வாடையை உணர்ந்து சொன்னவர் பணியாளர் பேருந்தின் ஓட்டுநர். 1990இல் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் மூன்று விமானிகள் ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்குப் பயணிகளோடு பறந்து இறங்கியபின் கைதானார்களே, அந்த வழக்கில் முன்கூட்டியே எச்சரித்தவர் மதுக்கூடத்தில் அவர்களைப் பார்த்த ஒருவர். மூன்றிலும் வாய்திறந்தது காக்பிட்டுக்கு வெளியே இருந்தவர்.

நம்மிடையே இந்தத் தயக்கம் இன்னும் கூடுதல். இருபத்தைந்து வயதுத் துணை விமானி, தனக்குப் பயிற்சி அறிக்கை எழுதப்போகும் மூத்தவரிடம், “சார், குடிச்சிருக்கீங்களா?” என்று எப்படிக் கேட்பார்? ஒருமுறை இளம் துணை விமானி ஒருவர் தன் பரிசோதனை முடிந்தபின் தயங்கி நின்று, “டாக்டர், கேப்டன் பின்னால வர்றார். கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதுவே போதுமானதாக இருந்தது. நேரடியாகச் சொல்லத் துணிந்த வேறொருவர் கையாண்ட சொற்களை நான் பலருக்கும் சொல்லித்தந்திருக்கிறேன்: “சார், இன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு தெரியுது. நீங்க ரூம்லயே இருங்க, ஆபரேஷன்ஸுக்கு நான் போன் பண்றேன்.” குற்றம் சாட்டும் சொல் இதில் ஒன்றுமில்லை, ஆனால் அவர் விமானத்தில் ஏறப்போவதில்லை என்பது தீர்மானமாகிவிடுகிறது. அதன் பிறகும் அவர் கிளம்பினால், மருத்துவரிடமோ பணி அதிகாரியிடமோ சொல்லுங்கள். அவரோடு விமானத்தில் ஏறாதீர்கள். மறைமுகமாக உதவுவதாக நினைத்து, “சீக்கிரம் காப்பி குடிங்க சார்” என்று ஆறுதல் சொல்பவர், தன் உரிமத்தோடு பின்னால் அமர்ந்திருப்பவர்களின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

வீட்டில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வரும்போது, “ஒண்ணே ஒண்ணுதானே மாப்பிள்ளை” என்று விமானியை வற்புறுத்தாதீர்கள். அவருடைய ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையை, நீங்களும் பார்த்துவையுங்கள். ஸ்டாண்ட்பை நாள் என்றால் அழைப்பு எப்போதும் வரலாம். அதையும் பறக்கும் நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் ஓய்வுநாள் விருந்து என்பதற்கும் இதே கணக்குத்தான். இந்தியாவில் இறங்கியவுடன் அவர்களுக்குப் பரிசோதனை காத்திருக்கிறது.

ஏற்கெனவே குடித்தாகிவிட்டது, கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தால், செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ரோஸ்டரிங் பிரிவின் எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவைத்திருங்கள். இரவு எந்நேரமானாலும், பணிக்கு வந்து சேர வேண்டிய நேரத்துக்கு முடிந்தவரை முன்னதாகவே அழைத்து, “நாளைக்கு என்னால் பறக்க இயலாது” என்று சொல்லிவிடுங்கள். மாற்று விமானியைத் தேட நிறுவனத்துக்கு அவகாசம் கிடைக்கும். உங்களுக்கு ஒருநாள் விடுப்பு போகும், மேலதிகாரியின் முணுமுணுப்பும் கேட்கலாம். அதே செய்தியைப் பரிசோதனை அறையில் கருவி முதலில் சொன்னால், அது 24 மணி நேரத்துக்குள் டிஜிசிஏவுக்குப் போய்ச் சேரும் அறிக்கையாகிவிடும்.